தில்லையாடி வள்ளியம்மை: மனைவிகளின் ஆவணத்துக்காகச் சிறை சென்ற கல்யாணமாகாத பெண்

அந்தியூரில் ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் முடிந்தால், அடுத்தது ஆவணி முகூர்த்தம்தான். மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்கமாட்டார். மாப்பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறவர் என்றால் கல்யாணத்துக்கு மறுநாளே இன்னொரு பேச்சு ஆரம்பிக்கும். பொண்ணோட பாஸ்போர்ட்டில் அப்பா பேர்தானே இருக்கு, மாத்தணுமா? கல்யாணத்தைப் பதிவு பண்ணின சர்ட்டிஃபிகேட் வேணுமா? டிக்கெட்டை எந்தப் பேர்ல போடறது? பெரியப்பா ஒன்று சொல்வார், பத்திர ஆபீஸ் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் வேறொன்று சொல்வார்.

இன்றைக்கு இது அலைச்சல் விவகாரம். நூறு வருஷத்துக்கும் முன்னால், கடல் கடந்து போன தமிழர்களுக்கு இதே கேள்வி வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது. ஒரு பெண் இன்னாருடைய மனைவிதான் என்று எந்தக் காகிதம் சொல்ல வேண்டும், அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அவள் நாட்டுக்குள் வரலாமா கூடாதா என்பதற்காகத் தென்னாப்பிரிக்காவில் பெண்கள் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் நமக்கு நல்லாத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: தில்லையாடி வள்ளியம்மை. பாடப்புத்தகத்தில் படித்திருப்போம், தபால் தலையில் பார்த்திருப்போம். ஆனால் அவர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்று கேட்டால் பலரும் சுதந்திரப் போராட்டம் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பெண்களை இறக்கியது ஒரு கல்யாண வழக்கு.

யார் இந்த வள்ளியம்மை?

முதல் ஆச்சரியம், தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறக்கவில்லை. அந்த ஊரை அவர் பார்த்ததுகூட இல்லை. 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா ஆர். முனுசாமி முதலியார் அங்கே காய்கனிக் கடை வைத்திருந்தார். அம்மா மங்களத்தம்மாள். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தில்லையாடி அந்தக் குடும்பத்தின் பூர்வீகம். தமிழ்நாட்டில் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம் என்பதால், போகாத ஊரே அவர் பெயரின் முதல் பாதியாகிவிட்டது. காந்தி தன் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்று நூலில் அவரைக் குறிப்பிடும்போது ஊர்ப்பெயர் கிடையாது. வள்ளியம்மா, பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான்.

இந்தப் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையில் சீட்டு இல்லாமல் நடமாட முடியாது

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண். கப்பல் பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு, மச்சம் எல்லாம் எழுதப்பட்டன. தமிழர்களில் நிறையப் பேருக்கு வாழ்க்கையில் முதல் அடையாள ஆவணம் அதுதான். பின்னாலேயே வணிகர்களும் போனார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்று நேட்டால் 1895-ல் சட்டம் போட்டது. பிறகு 16 வயது தாண்டிய பையன்களுக்கும் 13 வயது தாண்டிய பெண்பிள்ளைகளுக்கும் அது நீண்டது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் வருஷத்துக்கு 12 பவுண்டு. அந்தக் கணவனின் மாதச் சம்பாத்தியம் 14 ஷில்லிங்கைத் தாண்டாது என்று காந்தி எழுதியிருக்கிறார். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது ஒரு வருஷ சம்பளத்தை முழுசாக எடுத்து வைத்தாலும் வரிக்குப் பத்தாது.

பக்கத்து டிரான்ஸ்வாலில் வேறொரு கெடுபிடி. 1907-ல் வந்த சட்டப்படி ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் பதிந்து பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். போலீஸ்காரர் எங்கே நிறுத்திக் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். முதல் வரைவில் பெண்களும் இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் ஒரு பெரிய கொப்பரையில் 2,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். அப்போது வள்ளியம்மைக்குப் பத்து வயசு. டிரான்ஸ்வால் தமிழர்களில் சிறைக்குப் போகாத வீட்டைத் தேடத்தான் வேண்டும் என்ற நிலை. வள்ளியம்மையின் அப்பாவும் அந்தப் போராட்டத்தில் இருந்தவர்தான்.

1910-ல் நான்கு காலனிகளும் ஒன்றாகித் தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆனது. நாடு ஒன்றானாலும் இந்தியர்களுக்கு உள்ளே போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறிக் கர்நாடகாவுக்குள் நுழைய ஒருத்தருக்கு மட்டும் விசா கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

ஒரே தீர்ப்பில் செல்லாமல் போன கல்யாணங்கள்

1913 மார்ச் 14. போர்ட் எலிசபெத்தில் வசித்த ஹசன் ஈசாப் என்பவரின் மனைவி பாய் மரியம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருந்தார். அதிகாரிகள் இறங்க விடவில்லை. வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி மால்கம் சியர்ல் தீர்ப்பு சொன்னார்: ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளை வைத்துக்கொள்ள இடம் தரும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தின் பார்வையில் கல்யாணமே இல்லை. எனவே பாய் மரியம் மனைவி இல்லை, உள்ளே வர உரிமையும் இல்லை.

கணவர் இன்னொரு கல்யாணம் பண்ணியிருந்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த மதத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. தாலி கட்டியவர்கள், நிக்காஹ் செய்தவர்கள், அக்னியைச் சுற்றியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்கள். போர்பந்தரில் நடந்த காந்தி-கஸ்தூர்பா கல்யாணமும் இதில் அடக்கம். தீர்ப்பின் கணக்குப்படி அவர்கள் எல்லாம் சேர்ந்து வாழ்கிறவர்கள் மட்டுமே, பிள்ளைகளுக்கு வாரிசு உரிமையும் கேள்விக்குறி. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் பெண்ணைத் துறைமுகத்தில் மடக்கி நீ யார் என்று கேட்டால், காட்ட ஒன்றுமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய குடியேற்றச் சட்டமும் அமலுக்கு வந்தது.

அதுவரை பெண்களைப் போராட்டத்தில் சேர்க்காமல் இருந்தார் காந்தி. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை மாறியது. செப்டம்பர் 15 அன்று ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூர்பா உட்பட 16 பேர் கொண்ட குழு அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லைக்குக் கிளம்பியது. அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடு ஒன்று: எல்லையில் பெயரைச் சொல்லக் கூடாது. காந்தியின் குடும்பத்தார் என்று தெரிந்தால் போலீஸ் கைது பண்ணாமல் விட்டுவிடும் என்ற சந்தேகம். ஆவணத்தில் சரியான பெயர் இல்லை என்பதற்காகத் தவிக்கிற சனங்கள், பெயரையே தர மறுத்து நின்றார்கள். வோல்க்ஸ்ரஸ்டில் கைதாகி, ஆளுக்கு மூன்று மாதம் கடுங்காவல் கிடைத்தது.

திருமதி யார்?

இன்னொரு பக்கம், ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த 11 பெண்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. இவர்களின் முதல் முயற்சி கிட்டத்தட்டக் காமெடி மாதிரி போனது. அனுமதி இல்லாமல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டுக்குள் நுழைந்தார்கள், யாரும் பிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூவிக் கூவி விற்றார்கள், அதற்கும் பிடிக்கவில்லை. கைதாவதே பெரிய பாடாகிவிட்டது. கடைசியில் நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். சுரங்கத் தொழிலாளர்களிடமும் அவர்கள் குடும்பத்திடமும் அந்த 3 பவுண்டு வரியைப் பற்றிப் பேசினார்கள். தமிழில் பேசினார்கள், அது முக்கியம். அக்டோபர் நடுவில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபர் 21 அன்று இந்தப் பெண்களும் கைதாகி மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் பரவியது. நவம்பர் 6 அன்று காந்தி தலைமையில் சார்ல்ஸ்டவுனிலிருந்து கிளம்பிய நடைப்பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். இத்தனைக்கும் தீயைப் பற்ற வைத்தது அந்தப் பதினோரு பேர்.

அவர்கள் பெயர்களைத் தெரிந்துகொள்ளலாம் என்று காந்தியின் நூலைத் திறந்தால் ஒரு விசித்திரம். திருமதி தம்பி நாயுடு. திருமதி என். பிள்ளை. திருமதி பெருமாள் நாயுடு. திருமதி சின்னசாமி பிள்ளை. இப்படியே போகிறது பட்டியல். எல்லாம் வீட்டுக்காரர் பெயர். அந்தக் காலத்துச் செய்தித்தாளிலும் அப்படித்தான் எழுதினார்கள். திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள் என்று வேறு இடங்களில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தங்கள் கல்யாணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று ஜெயிலுக்குப் போனவர்கள், வரலாற்றில் கல்யாணமான பெயரோடு மட்டும் நிற்கிறார்கள்.

பட்டியலில் சொந்தப் பெயர் கிடைப்பது கல்யாணமாகாதவர்களுக்குத்தான். மீனாட்சி பிள்ளை, பைக்கம் முருகேச பிள்ளை என்று இரண்டு பேர். அவர்களுக்கு அடுத்த குழுவில் போன வள்ளியம்மைக்கும் அப்படித்தான் தன் பெயர் தங்கியது. அவருக்குக் கல்யாணமாகி அதன் பிறகு சிறைக்குப் போயிருந்தால், இன்று நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு திருமதியாக இருந்திருப்பார்.

மாரிட்ஸ்பர்க் சிறை

1913 அக்டோபரில் பெண்களுக்கு அழைப்பு வந்தபோது முனுசாமி முதலியார் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். அவரால் போக முடியாது. மங்களத்தம்மாளும் மகள் வள்ளியம்மையும் கிளம்பினார்கள். மகளுக்கு 15 வயசு. 3 பவுண்டு வரி நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் போட்ட வரி, ஜோகன்னஸ்பர்க் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதில் நேரடியாக ஒன்றுமில்லை. கல்யாணத் தீர்ப்பாலும் அன்றைக்கு அவர் இழக்க ஒன்றுமில்லை. அம்மாவுடைய கல்யாணம்தான் அந்தத் தீர்ப்பில் மாட்டியிருந்தது.

அம்மாவும் மகளும் நேட்டாலின் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார்கள். டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே பெண்களுக்குக் கொடுத்த வேலை துணி துவைப்பது. சாப்பாடு வாயில் வைக்க முடியாத அளவுக்கு மோசம். வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது. உள்ளே போன கொஞ்ச நாளிலேயே வள்ளியம்மைக்குக் காய்ச்சல் பிடித்தது. முன்கூட்டியே விட்டுவிடுகிறோம் என்று சிறை அதிகாரிகள் சொன்னபோது மறுத்துவிட்டார்.

1914 ஜனவரியில் காந்திக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. பிப்ரவரியில் பெண்கள் வெளியே வந்தார்கள். வள்ளியம்மை நடக்க முடியாத நிலை. கம்பளியில் வைத்துத்தான் தூக்கி வர வேண்டியிருந்தது. நெடுநெடுவென வளர்ந்த பெண் எலும்பும் தோலுமாகக் கிடந்ததைக் காந்தி எழுதியிருக்கிறார். சிறைக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்று அவர் கேட்டாராம். இப்போது கைது செய்தாலும் திரும்பப் போகத் தயார் என்றும், செத்தாலும் பரவாயில்லை என்றும் வள்ளியம்மை பதில் சொல்லியிருக்கிறார். 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் போனது. அவர் பிறந்த தேதியும் அதே பிப்ரவரி 22 என்றுதான் பதிவாகியிருக்கிறது. பதினாறு வயது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கதை உண்டு. சிறையில் வள்ளியம்மை தன் சேலையைக் கிழித்து இதுதான் என் நாட்டுக் கொடி என்று சொன்னதாகவும், அதிலிருந்து மூவர்ணக் கொடி பிறந்ததாகவும் போகும். அவரை நேரில் பார்த்து எழுதிய காந்தியின் நூலில் அந்தச் சம்பவம் இல்லை. அது இல்லாமலே அவர் வாழ்க்கை போதுமான அளவுக்குப் பெரியது.

போராட்டம் என்ன பெற்றுத் தந்தது?

அவர் இறந்து சில மாதங்களில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 1914-ன் 22-ம் எண் சட்டம். 3 பவுண்டு வரி ஒழிந்தது. இந்தியாவில் செல்லுபடியாகும் கல்யாணம் தென்னாப்பிரிக்காவிலும் செல்லும் என்றானது, ஒருவருக்கு ஒரு மனைவி என்ற வரம்போடு. அந்த மனைவியும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உள்ளே வரலாம். இந்திய மதகுருமார்களையே திருமண அதிகாரிகளாக நியமிக்கவும் வழி செய்யப்பட்டது. மூன்றாவதாக, அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு: நேட்டால் அரசு கொடுத்த வசிப்பிடச் சான்றிதழில் இருக்கும் பெருவிரல் ரேகை கொண்டு வந்தவரின் ரேகையோடு பொருந்தினால், உள்ளே நுழையும் உரிமைக்கு அதுவே முடிவான ஆதாரம். அதிகாரி மேலே குடைய முடியாது. பெயரை எழுத்தர் எப்படி எழுதியிருந்தாலும் விரல் மாறாது இல்லையா. ஆறு வருஷம் முன்பு கைரேகைச் சீட்டைக் கொளுத்திய சனங்களுக்கு, அதே கைரேகை இப்போது கதவைத் திறந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை, நிலம் வாங்கும் தடை எல்லாம் தொடர்ந்தன.

பெயர்களும் அங்கே வேறு பாதையில் போயின. வெள்ளைக்கார எழுத்தர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நம்மிடம் அப்படி ஒன்று கிடையாதே. நாயுடு, பிள்ளை, படையாச்சி, முதலியார் என்று கூப்பிட்ட பட்டங்கள் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தன. முதலியார் மூட்லி ஆனார். தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டிய அதே நூற்றாண்டில், அங்கே அது பாஸ்போர்ட்டில் அச்சாகி, கல்யாணமானால் மனைவிக்கும் போனது.

சரி, இப்போ பாஸ்போர்ட்டில் என்ன விதி?

அந்தியூர்ப் பெண்ணுக்கு வருவோம். ஈரோடு மாவட்டத்துக்குக் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான். கல்யாணத்துக்குப் பிறகு பெண் பெயர் மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அப்பா பெயருடன் இருக்கும் பாஸ்போர்ட், காலாவதி ஆகும் வரை அப்படியே செல்லும். டிக்கெட்டும் விசாவும் அதே பெயரில், அதே எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக பாஸ்போர்ட் எடுக்கத் திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் தளர்த்திவிட்டது. கணவர் பெயரைச் சேர்க்க விரும்பினால், சான்றிதழ் இல்லாதவர்கள் தம்பதியாக எடுத்த படத்துடன் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுக்கலாம் என்ற வசதி 2025-ல் வந்தது. ஆனால் பல நாடுகள் மனைவிக்கான விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்கும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு இருப்பவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது இங்கே பலருக்குத் தூக்கம் போனது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரா, கணவர் பெயரா என்பதைப் பெண்ணே முடிவு பண்ணலாம்.

தில்லையாடி

1914 ஜூலை 15 அன்று ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மைக்கும், அதே போராட்டத்தில் 1909-ல் இறந்த நாகப்பனுக்கும் நினைவுக் கற்கள் திறக்கப்பட்ட நிகழ்ச்சியில் காந்தி கலந்துகொண்டார். மூன்று நாள் கழித்து அந்த நாட்டை விட்டே கிளம்பினார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தபோது தில்லையாடிக்கும் போனார். இன்று அந்த ஊரில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. 2008 டிசம்பர் 31 அன்று தபால் துறை தலை வெளியிட்டது. ஈரோட்டுப் பக்கத்து நெசவாளர்களுக்கு நன்கு தெரிந்த கோ-ஆப்டெக்ஸின் சென்னை எழும்பூர் தலைமையகக் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர்.

மகளோடு ஒரே சிறையில் இருந்து, மகள் இறப்பதைப் பார்த்த மங்களத்தம்மாள் பெயரில் எதுவும் இல்லை.